பட்டியல் எழுதிய கை

வெற்றியை நினைவில் வைத்திருப்பது எந்தச் சமுதாயத்திற்கும் எளிது. பிறர் இழைத்த கொடுமையை நினைவில் வைத்திருப்பதும் அரிதன்று. தன்னவர் தன்னவர்க்கே செய்ததை, அல்லது செய்ய நேர்ந்ததை, நினைவில் வைத்திருப்பதுதான் கடினம். அந்த நினைவைப் பெருமையாகச் சொல்ல இயலாது. பகைவன்மேல் சுமத்தித் தப்பவும் இயலாது. ஆதலால் அது பெரும்பாலும் சொல்லப்படாமலே முதியோருடன் மறைந்துவிடுகின்றது.

மலாயாத் தமிழர் வாழ்வில் அத்தகைய நினைவு ஒன்று உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. அதன்பின் 1945 ஆகஸ்டுத் திங்கள்வரை, மூன்றரை ஆண்டுக் காலம், மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை அமைக்க ஆள் வேண்டும் என்று தோட்டங்களுக்கு ஆணை வந்தது. இத்தனை பேர் என்று எண் குறிக்கப்பட்ட அந்த ஆணையை வாங்கியவர் தோட்டத்துக் கிராணியார். பெயர்களை எழுதியவரும் அவரே. எழுதப்பட்டவர்கள் இரயில் ஏறினர்; பலர் திரும்பவில்லை. அந்தக் கிராணியார் குற்றவாளியா?

கேட்பதற்கு எளிய வினா இது. அதற்குரிய விடையைத் தேடத் தொடங்கினால், அடிமைப்பட்ட நாட்டில் அறம் என்பது யாது என்னும் பெரிய வினாவில் அது கொண்டுபோய் நிறுத்துகின்றது. ஐரோப்பாவில் இதே ஆண்டுகளில் அந்நியப் படையின் கீழ் வாழ்ந்த கிரேக்க மக்களும் இவ்வினாவை எதிர்கொண்டனர். பல பத்தாண்டுகளாக அதைப் பற்றி நூல்கள் எழுதியும் வருகின்றனர். மலேசியத் தமிழரும் காலந்தாழ்த்தியேனும் எழுதத் தொடங்கினர். அந்நூல்களைப் படிப்போர் அவற்றில் எதைத் தேட வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

இரு ஆட்சிகளுக்கு இடையே

துரோகம் என்னும் சொல்லைப் பயன்படுத்துமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். கடமைப்பட்டவன் அக்கடமையை விற்கும்போதுதான் துரோகம் பிறக்கின்றது. அப்படியாயின் 1942இல் மலாயாத் தோட்டத்துத் தமிழன் யாருக்குக் கடமைப்பட்டிருந்தான்?

ஜப்பானியர் வருவதற்குச் சில திங்கள் முன்பு, 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவிலிருந்து விடுதலை ஆகியவை தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் சில. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழி அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டேன் என்று ஒருவன் சொன்னதற்குத் துப்பாக்கி விடை கூறியது. அந்தத் துப்பாக்கியை ஏவிய அரசே அடுத்த ஜனவரியில் கோலாலம்பூரை விட்டுத் தெற்கே ஓடிற்று. துரைமார் பங்களாக்களைப் பூட்டிக்கொண்டு சென்றனர். லயங்களில் இருந்தவர்களை அழைத்துச் செல்ல எவரும் இல்லை.

கிரேக்கத்தின் நிலை வேறு. 1940 அக்டோபரில் இத்தாலி படையெடுத்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மனி நுழைந்தது. ஜெர்மானியர், இத்தாலியர், பல்கேரியர் என மூவர் அந்நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஏதென்சு நகரத் தெருக்களில் மக்கள் பசியால் மடிந்தனர். ஆயினும் கிரேக்கனுக்கு இழந்த நாடு ஒன்று இருந்தது. அதை மீட்பதற்குரிய கொடி ஒன்று இருந்தது. மலாயாத் தோட்டத் தமிழனோ ஓர் அந்நியனிடமிருந்து வேறோர் அந்நியன் கைக்கு மாறியவன். எனவே, ஜப்பானியருக்குப் பணிந்தவன் பிரிட்டிஷ் அரசுக்குத் துரோகம் செய்தான் என்று வழக்குரைப்பது பொருந்தாது. அவன் அந்த அரசுக்கு எதுவும் கடன்படவில்லை.

இவ்வளவில் வினா தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. கிராணியார் பிரிட்டிஷாருக்குக் கடன்படவில்லை. ஆனால் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கடன்பட்டிருந்தார். அவர்களது கூலியைக் கணக்கெழுதியவர் அவர். தொடக்கக் காலத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் கிராணியாரோ கங்காணியோதான் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் கற்பித்தார். எழுத்தறியாத மக்கள் நடுவில் எழுதத் தெரிந்தவர் என்னும் ஒரே காரணத்தால் அவருக்கு மதிப்பு வந்தது. அந்த எழுத்தே பட்டியலும் ஆயிற்று. இக்காரணத்தால் இவ்வினா தமிழாசிரியர்களுக்கு மிக நெருக்கமானது: கல்வி கற்றவனின் எழுத்து யாருக்காக?

பாதையும் பட்டியலும்

கடல்வழி பாதுகாப்பற்றுப் போனமையால், பர்மாவில் இருந்த தன் படைக்குப் பொருள் அனுப்ப ஜப்பான் தரைவழி தேடிற்று. சயாமின் பான்போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட்வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் தொலைவுக்கு, மலையையும் காட்டையும் ஊடறுத்துப் பாதை போடப்பட்டது. 1942இன் நடுவில் தொடங்கிய பணி 1943 அக்டோபர் 17ஆம் நாள் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். பன்னீராயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கையை மதிப்பீடாகத்தான் சொல்ல முடியும். ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேரும் அதற்கு மேலும் இருக்கலாம் என்பர். மாண்டவர் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என்பர். மலாயாவிலிருந்து சென்றவர் எழுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்திலிருந்து சென்றவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மக்கள் அழிந்தனர். இன்று காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளிக்குத் தனிக் கல்லறையும் இல்லை; பெயர்ப் பலகையும் இல்லை.

தொடக்கத்தில் நல்ல கூலி, உணவு, சில திங்களில் திரும்பலாம் என்னும் வாக்குறுதிகளால் ஆள் சேர்த்தனர். தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. அரிசி அருகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. எனவே சிலர் விரும்பியே சென்றனர். சென்றவர் பற்றிய செய்தி வரத் தொடங்கியதும் விருப்பம் நின்றது; வற்புறுத்தல் தொடங்கிற்று. அப்போது பட்டியல் இன்றியமையாததாயிற்று.

மூன்று விடைகள்

கிராணியார் குற்றவாளியே என்பது முதல் விடை. துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கு எந்த லயத்தில் எத்தனை ஆடவர் உள்ளனர் என்பது தெரியாது. அதைத் தெரிந்தவர் சொல்லாவிடில் அவனது வேலை கடினமாகியிருக்கும். கொடுங்கோன்மை தன் கையால் செய்வது சிறிதே. பிறர் கையால் செய்விப்பதே மிகுதி. பிறர் எவரும் கை கொடாவிட்டால் கொடுங்கோன்மை முடங்கிப்போகும் என்பது இவ்விடையின் வலிமை.

அவர் குற்றமற்றவர் என்பது இரண்டாம் விடை. மறுத்திருந்தால் கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசின் கையில் அவர் உடல் சிதைந்திருக்கும், வேறொருவர் பட்டியலை எழுதியிருப்பார், எண் குறைந்திராது. உயிரச்சம் வந்த இடத்தில் அறநூலைப் புரட்டுவது, பாதுகாப்பாக அமர்ந்திருப்பவனின் பொழுதுபோக்கு என்பது இவ்விடையின் வலிமை.

இரண்டும் வலிய விடைகளே. ஆயினும் இரண்டும் ஒரே குறையுடையன. அவை கிராணியார் என்னும் ஒரு வகையினரைப் பார்க்கின்றனவே தவிர, தனித்தனி மனிதரைப் பார்க்கவில்லை. மூவரை எண்ணிப் பார்க்கலாம். மூவரிடமும் இருபது பெயர் கேட்கப்படுகின்றது என்று கொள்க. ஒருவர் இரவோடிரவாகச் சிலரைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு, மிஞ்சியவர் பெயரை நடுங்கும் கையால் எழுதுகின்றார். இன்னொருவர் கேட்டபடி இருபது பெயர் எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கின்றார். மூன்றாமவர் தமக்கு வேண்டாதவர் பெயரை முதலில் எழுதுகின்றார். கையூட்டுத் தந்தவன் பெயரை அடித்துவிட்டு ஏழையின் பெயரைச் சேர்க்கின்றார். மூவரும் எழுதியது பட்டியலே. வற்புறுத்தலும் மூவர்க்கும் ஒன்றே. ஆயினும் மூவரும் ஒருவரல்லர்.

மூன்றாம் விடை இங்கிருந்து பிறக்கின்றது. வற்புறுத்தல் மனிதனின் உரிமையைப் பெரும்பாலும் பறித்துக்கொள்ளும். முழுவதும் பறிப்பது அரிது. எஞ்சியிருந்த அந்தச் சிறிய இடத்தில் அவன் என்ன செய்தான் என்பதே அறம் கேட்கும் கேள்வி. பட்டியல் எழுதியதற்காக ஒருவரைத் தூக்கில் ஏற்ற வேண்டியதில்லை. யார் பெயரை, எதற்காக எழுதினார் என்று கேட்காமலும் இருக்க முடியாது.

தமிழ் மரபுக்கு இந்நோக்கு புதிதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலனை வாளால் வெட்டவில்லை. ஆராயாமல் ஓர் ஆணை இட்டான். வெட்டியது காவலன் கை. பொய்யுரைத்தது பொற்கொல்லன் நா. கண்ணகி சிலம்பை உடைத்தபோது அவன் காவலனைச் சுட்டித் தப்ப முயலவில்லை; பொற்கொல்லனையும் பழிக்கவில்லை. பிழை தன்னுடையது என்று உணர்ந்தான், உயிர் நீத்தான். குற்றம் பலருக்குப் பங்கிருந்தபோதும் தன் பங்கை முழுமையாக ஏற்றுக்கொண்டமையால்தான் தவறிழைத்த அவ்வரசன் இன்றளவும் மதிக்கப்படுகின்றான். பட்டியல் எழுதியவரைப் பற்றிய கேள்வியும் அவ்வாறே முடிகின்றது: பின்னாளில், அச்சம் நீங்கிய பிறகு, அவர் தம் பங்கை ஏற்றுக்கொண்டாரா?

நான்கு நாள் இடைவெளி

பள்ளிப் பட்டிமன்றங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் தலைப்பு ஒன்று உண்டு: சிறந்தவன் கும்பகருணனா, வீடணனா? தமையனின் தவற்றை அறிந்தும் உண்ட சோற்றுக்காகப் போர்க்களம் புகுந்து மாண்டவன் ஒருவன். தவற்றைக் கண்டு உறவை விட்டுப் பகைவரிடம் சென்றவன் மற்றொருவன். நடுவர் ஒருபக்கம் தீர்ப்பளிப்பார். கைதட்டலுடன் மன்றம் கலையும். வாழ்க்கையில் அத்தகைய நடுவர் கிடைப்பதில்லை.

1943 அக்டோபர் 17ஆம் நாள் மரண இரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அதே மாதம் 21ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். இரண்டிற்கும் இடையே நான்கு நாள்! ஒன்று மலாயாத் தமிழரின் பெருந்துயர். மற்றொன்று அவர்களது பெருமிதம். தோட்டத்துக் கூலி என்று இகழப்பட்டவன் இந்திய தேசிய இராணுவத்தில் சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றான். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் போன்ற இளம்பெண்கள் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். காது நகையைக் கழற்றிக் கொடுத்து, பதின்பருவத்திலேயே துப்பாக்கி ஏந்திய ஜானகி, பின்னாளில் 1946இல் ம.இ.கா. தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவராக விளங்கினார். அந்த நிமிர்வு பொய்யன்று. கிள்ளானில் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்த நிமிர்வின் தொடர்ச்சியே அது.

ஆயினும் அந்த இராணுவத்திற்குத் துணை நின்ற ஜப்பான்தான் அதே வேளையில் தமிழனைச் சயாமியக் காட்டில் மடியவிட்டது. இராணுவத்தில் சேர்ந்தால் இரயிலுக்குப் போகாமல் தப்பலாம் என்பதற்காகவே சேர்ந்தவர்களும் இருந்தனர். ஒரே லயத்தின் ஒரு வீட்டிலிருந்து ஒருவன் பாதைக்கும், அடுத்த வீட்டிலிருந்து ஒருவன் படைக்கும் போயிருக்கக்கூடும். பெருமிதத்தைப் பேசுவோர் துயரை ஓர் அடிக்குறிப்பாக்குவதும், துயரைப் பேசுவோர் பெருமிதத்தை ஏமாற்று என்று ஒதுக்குவதும் எளிய வழிகள். வரலாறு இவ்விரண்டையும் ஒரே மாதத்தில் வைத்துவிட்டது. இரண்டையும் ஒருங்கே தாங்கும் மனமே முதிர்ந்த மனம்.

சொற்களின் போர்

ஆக்கிரமிப்பு முடிந்ததும் அமைதி வந்துவிடும் என்று மக்கள் எதிர்பார்த்தனர். கிரேக்கத்தில் 1944 அக்டோபரில் ஜெர்மானியர் வெளியேறினர். டிசம்பரிலேயே ஏதென்சுத் தெருக்களில், ஜெர்மானியரை எதிர்த்தவர்களும் பிரிட்டிஷ் படையும் தம்முள் சுட்டுக்கொண்டனர். 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. ஆக்கிரமிப்பாளனுக்குத் துணைப்படையாய் நின்றவர் பலர் புதிய அரசின் காவலராயினர். எதிர்த்தவர் பலர் தீவுச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர்.

மலாயாவின் கதையும் இதற்கு மிகவும் தொலைவிலில்லை. காட்டில் இருந்து ஜப்பானியரை எதிர்த்தது, கம்யூனிஸ்டுகள் தலைமையில் இயங்கிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. 1945இல் ஜப்பான் சரணடைந்து பிரிட்டிஷார் திரும்பிவரும்வரை அப்படையினர் பல ஊர்களில் அதிகாரம் செலுத்தினர். ஜப்பானியருக்குத் துணைபோனவர் என்று ஐயுற்றோரை முறையான விசாரணையின்றிக் கொன்றனர். சில இடங்களில் அது இனக் கலவரமாகவும் வெடித்தது. பட்டியல் எழுதியவரைத் தண்டிக்க வந்தவர்கள் தாமும் ஒரு பட்டியல் எழுதினர் என்பதே அந்நாள்களின் சோகம்.

1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31இல்தான் அது நீங்கியது. ஜப்பானியரை எதிர்த்தமைக்காகப் பிரிட்டிஷ் அரசின் விருது பெற்ற சின் பெங், அதே அரசால் தேடப்படுபவர் ஆனார். காட்டில் இருந்தவர்களை அரசு முதலில் கொள்ளையர் என்றது. 1952இல் அச்சொல்லை மாற்றிக் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள் என்றது. நடந்த போரைப் போர் என்று சொல்லவே இல்லை. கிரேக்க அரசும் தன் உள்நாட்டுப் போரை நெடுங்காலம் கொள்ளையர் போர் என்றே ஏடுகளில் எழுதிவந்தது. 1989இல்தான் சட்டம் இயற்றி அதை உள்நாட்டுப் போர் என்று பெயர் மாற்றியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு சொல்லைத் திருத்துவதற்கு ஒரு நாட்டின் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்றால், சொல்லின் ஆற்றலை வேறு எப்படி விளக்குவது?

எஸ்.ஏ. கணபதியின் வாழ்வு இதற்குத் தமிழரிடையே உள்ள சான்று. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். பின்னர் அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்னும் குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. ஓர் ஏட்டில் அவர் தொழிலாளர் தலைவர். மற்றோர் ஏட்டில் குற்றவாளி. அந்தச் சிறை இன்று இல்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டுவிட்டது. சுவர் போனாலும் அவரைப் பற்றிய வினா போகவில்லை.

அரசின் பக்கமும் தூய்மையாக இருக்கவில்லை. 1948 டிசம்பர் 12ஆம் நாள் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 சிற்றூர் மக்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். விசாரணை வேண்டி உறவினர் தொடுத்த வழக்கை 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. நீதிமன்றத்தின் கதவு மூடிய பிறகு திறந்திருக்கும் கதவு எது? நூலின் கதவுதான்.

நூல்கள் செய்வது

நிக்கலஸ் கேஜ் என்னும் கிரேக்க அமெரிக்கர் 1983இல் 'எலேனி' என்னும் நூலை வெளியிட்டார். பிள்ளைகளைத் தப்புவித்தமைக்காக அவருடைய தாயைக் கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் 1948இல் சுட்டுக் கொன்றனர். மகன் வளர்ந்து செய்தியாளராகி, தாய்க்குத் தண்டனை விதித்தவரைத் தேடிச் சென்றார். கண்டுபிடித்தார், கொல்லும் வாய்ப்பும் இருந்தது, கொல்லவில்லை. பழிதீர்க்கும் கை எழுதும் கையாக மாறிய வரலாறு அது. ஆரிஸ் அலெக்சாந்துரு என்பவர் 1970களின் நடுவில் வெளியிட்ட புதினத்திலோ, உள்நாட்டுப் போரில் ஒரு பெட்டியைக் காக்கப் பலர் உயிர்விடுகின்றனர்; இறுதியில் பெட்டி வெறுமையாக இருக்கின்றது. முதல் நூல் கம்யூனிஸ்டுகளால் தாயை இழந்தவருடையது. இரண்டாவது இடதுசாரி இயக்கத்துக்குள்ளிருந்து வந்தவருடையது. இரண்டும் தத்தம் காயத்தை மறைக்காமல் காட்டியமையால் நிலைத்தன.

சயாம் பாதையைப் பற்றி உலகம் அறிந்த கதை பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952இல் எழுதிய புதினமும், 1957இல் அதிலிருந்து எடுக்கப்பட்ட திரைப்படமும் ஆகும். அவர் 1930களில் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். அவரது கதையின் தலைவன் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. கடமை, ஒழுங்கு என்னும் பெருமையில் மூழ்கிப் பகைவனுக்கே மிகச் சிறந்த பாலம் கட்டிக் கொடுக்கின்றான். நோக்கினால் அதுவும் பட்டியல் எழுதிய கையின் கதையே. வெள்ளை அதிகாரியின் மனப்போராட்டம் உலகப் புகழ் பெற்றது. தோட்டத்துக் கிராணியாரின் மனப்போராட்டத்தையும் தொழிலாளியின் சாவையும் உலகம் கேட்கவில்லை. சொல்லப்படாததை எவர் கேட்பர்?

தமிழில் ப. சிங்காரம் 1972இல் 'புயலிலே ஒரு தோணி'யை வெளியிட்டார். போர்க்காலத்தில் மேடானில் வாழ்ந்த அவர், போரைப் பரணியாகப் பாடாமல் கடைத்தெரு மனிதனின் கண்ணால் பார்த்தார். மலேசியாவில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. பாதை முடிந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் தலைப்பில் அதே துயரைப் புதினமாக்கினார். கல்லில் நினைவுச் சின்னம் எழுப்பாத சமுதாயத்திற்குத் தாளில் ஒன்று எழுப்பப்பட்டது என்று அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம்.

மௌனத்தின் நியாயம்

ஐம்பது ஆண்டு மௌனத்தைக் கோழைமை என்று ஒதுக்குவது பிழை. போர் முடிந்தபின், பட்டியல் எழுதியவரும் பட்டியலில் இருந்தவரின் மனைவியும் ஒரே தோட்டத்தில் வாழ வேண்டியிருந்தது. காலையில் ஒரே பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். ஆடித் திருவிழாவில் ஒரே மாரியம்மன் முன்னே கூழ் குடிக்க வேண்டும். அவளது பிள்ளைக்குக் கூலிச்சீட்டு எழுதியவரும் அவரே. அந்நிலையில் வாய் திறந்திருந்தால் தோட்டம் இரண்டாகியிருக்கும். பேசாமை அங்கே ஒரு வகைக் கருணையாகவும் இருந்தது. தீமை பயவாத சொல்லையே வாய்மை என வரையறுத்த வள்ளுவர் நெறியில், அந்த மௌனத்தையும் வாய்மையின் பக்கமே நிறுத்தலாம்.

ஆனால் அக்கருணைக்கு ஒரு காலவரை உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; லயங்கள் இல்லை; அறிந்த முதியோரும் ஏறத்தாழ இல்லை. சண்டையைத் தவிர்ப்பதற்காக மேற்கொண்ட மௌனம், சண்டையிட எவரும் இல்லாத காலத்திலும் தொடருமாயின், அது மாண்டவர்களை இரண்டாம் முறை புதைப்பதாகும். பிரிக்பீல்ட்ஸ் அருகே இன்று தேசிய அரும்பொருளகம் நிற்கும் இடத்தில் அன்று சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. 1945 மார்ச் 10ஆம் நாள் கோலாலம்பூர் இரயில் நிலையப் பகுதியைக் குறிவைத்த நேச நாட்டு விமானங்களின் குண்டு அதன்மேல் விழுந்தது. இடிந்த அரும்பொருளகத்திற்குப் பதிலாக 1963இல் புதியது திறக்கப்பட்டது. கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். சொல்லாமல் இறந்தவரின் நினைவை எந்தப் பணத்தால் எழுப்புவது?

இங்கே ஒரு தயக்கம் எழக்கூடும். உண்மையை எழுதினால், பட்டியல் எழுதியவரின் பேரப்பிள்ளைகள் தலைகுனிய நேராதா? பாட்டன் செய்ததற்குப் பேரன் பொறுப்பாவானா? ஆகான். ஆதலால் எழுதுவோர்க்கு ஒரு நெறி வேண்டும். தீங்கு செய்தவரைப் பற்றி எழுதும்போது செயலைச் சொல்லுதல் போதும். அவரது குடும்பத்தைச் சுட்டும் பெயர் வேண்டியதில்லை. தீங்குக்கு ஆளானவரைப் பற்றி எழுதும்போது பெயரையே முதலில் சொல்லல் வேண்டும். வழக்குமன்றத்தின் முறைக்கு இது நேர்மாறானது. வழக்குமன்றம் குற்றவாளியின் பெயரைத் தேடுகின்றது. இலக்கியம் மாண்டவனின் பெயரைத் தேடுகின்றது. புதினம் இப்பணிக்கு ஏற்ற வடிவமாக அமைந்தமைக்கும் இதுவே காரணம். அது செயலை முழுமையாகக் காட்டும். எவரது வீட்டு வாசலிலும் போய் நின்று கூவாது.

வகுப்பறையில்

இந்நூல்களை மாணவர் படிக்கும்போது, கிராணியார் நல்லவரா கெட்டவரா என்று ஆசிரியர் கேட்பாராயின், பட்டிமன்றம் ஒன்று நடக்கும். மணி அடித்ததும் மறந்துபோகும். அவருக்கு அன்று என்ன தெரிந்திருந்தது? எதைச் செய்ய முடிந்தது? முடிந்ததில் எதைத் தேர்ந்தார்? இம்மூன்று வினாக்களையும் வரிசையாகக் கேட்பாராயின் மாணவர் தீர்ப்பளிக்குமுன் ஆராயக் கற்பர். ஆராயாத தீர்ப்பு மதுரையை எரித்ததை அறிந்த மாணவர்க்கு அது கடினமாக இராது. நான்காவதாக, மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றும் உண்டு: பிறரது பெயரை எழுதும் வேலை தமக்கு வரும் நாளில் தம் கை என்ன செய்யும்? அலுவலகத்திலும் பள்ளியிலும் சங்கத்திலும் பட்டியல் எழுதும் வேலை எழுத்தறிந்தோர்க்கு வந்துகொண்டே இருக்கின்றது. துப்பாக்கி பின்னால் நில்லாத நாளிலேயே நேர்மையாக எழுதிப் பழகாத கை, துப்பாக்கி நிற்கும் நாளில் எவ்வாறு எழுதும்?

சயாமுக்குச் சென்ற தொழிலாளரில் பலருடைய பெயர் வாழ்நாளில் ஒன்றிரண்டு ஏடுகளிலேயே எழுதப்பட்டிருக்கும். கூலிப் பதிவேடு ஒன்று. சாவுக்கு அனுப்பிய பட்டியல் மற்றொன்று. அந்தப் பட்டியலும் காட்டு மழையில் கரைந்திருக்கும். அவர்களது பெயர்களை மீண்டும் ஒருமுறை எழுதும் கடமை எழுத்தறிந்த தமிழருக்கு உண்டு. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம், ஜப்பான்காரன் காலத்தில் குடும்பத்திலிருந்து சென்று திரும்பாதவர் எவர் என்று கேட்டு, அப்பெயரை ஒரு தாளில் எழுதிவைத்தாலே போதும், பணி தொடங்கிவிடும். அவ்வாறு எழுதப்படும் பட்டியலில் எவரது பெயரையும் அடிக்க வேண்டியதில்லை. எவரும் அஞ்ச வேண்டியதும் இல்லை.